மின் தீயணைப்பு வண்டி வாங்கப் போகிறதா உங்கள் ஊர்? முதலில் நிலையத்தின் மின் இணைப்பைப் பாருங்கள்

எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு மின்சார வண்டி வந்து நின்ற அன்று, அதற்குச் சார்ஜ் ஏற்ற நிலையத்தில் வழி இல்லை. சார்ஜர் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதற்கு மின்சாரம் தர வேண்டிய டிரான்ஸ்பார்மர் எந்தத் தொழிற்சாலையில் எந்த வரிசையில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பத்து லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கிய வண்டி, முதல் ஏழு மாதம் தன் துணை டீசல் எஞ்சினைக் கொண்டே பேட்டரியை நிரப்பியபடி ஓடியது. புகையில்லாத வண்டி வேண்டும் என்று வரி கட்டியவர்கள் வாசலில் நின்று அந்தப் புகையைப் பார்த்தார்கள்.

வண்டி வாங்கும் குழுவில் ஊர்மக்கள் சார்பில் அமர்ந்தவர்களில் நானும் ஒருவன். அமெரிக்காவில் சிறு நகரங்கள் தீயணைப்பு வண்டி வாங்கும்போது வீரர்கள், மெக்கானிக், நிதி அலுவலர், ஊர்க்காரர் ஒருவரிருவர் சேர்ந்த குழு ஒன்றுதான் எல்லாவற்றையும் எழுதித் தயாரிக்கிறது. அப்படியொரு குழுவில் நீங்களும் அமர நேர்ந்தால், நாங்கள் இழந்த மாதங்களை நீங்கள் இழக்க வேண்டாம். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. கடந்த பன்னிரண்டு மாதப் பதிவுகளை மேசைக்குக் கொண்டுவாருங்கள்

விற்பனையாளரை அழைப்பதற்கு முன் நான்கு தாள்கள் கையில் இருக்க வேண்டும்: அவசர அழைப்பு மையத்தின் ஓராண்டுப் பதிவு, இப்போதுள்ள வண்டியின் மைல் கணக்கும் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கும், பம்பு ஓடிய மணிக்கணக்கு, டீசல் பில்கள்.

மைல்களை எஞ்சின் மணிகளால் வகுத்துப் பாருங்கள். சராசரி வேகம் மணிக்குப் பத்து மைல் அளவில் வந்தால், உங்கள் வண்டி ஓடுவதைவிட நின்றபடி எஞ்சினை உறுமவிடுவதே அதிகம் என்று பொருள். பெரும்பாலான ஊர்களில் நிலைமை இதுதான். அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ உதவிக்கானவை. உண்மையான தீ, நூற்றுக்கு நான்கைந்துதான். வீட்டு வாசலில் விளக்கைச் சுழலவிட்டு அரை மணி நேரம் நிற்கும் வேலைக்கு மின்வண்டியைப் போலப் பொருத்தமானது வேறில்லை.

ஆனால் சராசரியை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆண்டிலேயே மிக மோசமான பத்து நாட்களைத் தனியே எழுதுங்கள். அன்று எத்தனை அழைப்புகள், இடையில் நிலையத்தில் எத்தனை நிமிடம் நின்றது, பம்பு எவ்வளவு நேரம் ஓடியது? வண்டியின் பேட்டரி அந்தப் பத்து நாட்களுக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

2. எத்தனை மைல் என்று கேட்காதீர்கள். எத்தனை நிமிடம் தண்ணீர் என்று கேளுங்கள்

கார் வாங்கிய பழக்கத்தில் எல்லோரும் முதலில் கேட்பது ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான். தீயணைப்பு வண்டிக்கு அது இரண்டாவது கேள்வி. பேட்டரியைக் குடிப்பது சாலை அல்ல, பம்பு.

கணக்கு எளிது. நிமிடத்துக்கு எத்தனை கேலன் என்பதை அழுத்தத்தால் பெருக்கி 1,714ஆல் வகுத்தால் தண்ணீருக்குச் சேரும் குதிரைத்திறன் கிடைக்கும். நிமிடத்துக்கு 1,500 கேலன் தரும் வழக்கமான பம்பை 150 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு) அழுத்தத்தில் முழுக்கத் திறந்தால் 131 குதிரைத்திறன், அதாவது 98 கிலோவாட். பம்பின் இழப்பையும் மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 150 கிலோவாட் அளவுக்குப் போகும். வீட்டு மின் கட்டணத்தில் வரும் அதே யூனிட்டில் சொன்னால் மணிக்கு 150 யூனிட். பியர்ஸ் நிறுவனத்தின் முதல் வோல்டெரா வண்டியில் இருந்தது 155 யூனிட் பேட்டரி. ஆக, முழு வீச்சில் ஒரு மணி நேரம்.

பயப்பட வேண்டாம், முழு வீச்சு அபூர்வம். வீட்டுத் தீயில் இரண்டு குழாய்கள் சேர்ந்து நிமிடத்துக்கு 300 கேலன் என்றால், அதே அழுத்தத்தில் தண்ணீருக்குச் சேர்வது 20 கிலோவாட்டுக்கும் குறைவு. குறைந்த ஓட்டத்தில் பம்பின் திறன் குறையும் என்பதால் அதை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும்.

இந்த இரண்டு எண்களையும் உங்கள் மோசமான பத்து நாட்களோடு ஒப்பிட்டு ஒரே பக்கத்தில் எழுதி நகர மன்றத்துக்குக் கொடுங்கள். எங்கள் குழு முதலில் நாற்பது பக்க அறிக்கை கொடுத்தது, யாரும் படிக்கவில்லை. இந்த ஒரு பக்கம்தான் அவர்கள் கேள்வி கேட்கக் காரணமாயிற்று.

3. டீசல் துணை வேண்டுமா என்பதை ஊரே முடிவு செய்யட்டும்

சந்தையில் இருப்பவை எல்லாம் ஒரே வகையல்ல. ஆஸ்திரியாவின் ரோசன்பாவர் நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். வண்டியில் 132 யூனிட் வரை பேட்டரி உண்டு. அது தீரும்போது பி.எம்.டபிள்யூ. டீசல் எஞ்சின் ஒன்று மின்சாரம் தயாரித்துத் தரும். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2022இல் ஹாலிவுட்டின் 82ஆம் நிலையத்தில் இறக்கியது இதைத்தான். வோல்டெராவில் மின்மோட்டாரும் டீசல் எஞ்சினும் பக்கம் பக்கமாக இருந்து, எதனாலும் சக்கரத்தையும் பம்பையும் ஓட்ட முடியும். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரம் 2021 முதல் இதைத் தன் 8ஆம் நிலையத்தில் ஓட்டுகிறது. இ-ஒன் நிறுவனத்தின் வெக்டர், 316 யூனிட் என்ற பெரிய பேட்டரியை நம்பி நிற்கிறது.

என் கருத்தைக் கேட்டால், அழைப்புக்கு முதலில் கிளம்ப ஒரே ஒரு வண்டி மட்டும் உள்ள சிறிய ஊர் டீசல் துணையில்லாத வண்டியை இப்போதைக்கு வாங்கக் கூடாது. காட்டுத்தீக்குப் பக்கத்து மாவட்டம் உதவி கேட்டு அழைக்கும். பன்னிரண்டு மணி நேரம் வயல்வெளியில் நிற்க வேண்டிவரும். மூன்று நான்கு நிலையங்கள் உள்ள நகரம் என்றால் துணிந்து யோசிக்கலாம்.

பணமே இல்லாத ஊர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. சாதாரண டீசல் வண்டியிலேயே லித்தியம் பேட்டரித் தொகுதி ஒன்றைச் சேர்த்து, நிற்கும்போது எஞ்சின் தானாக அணைந்து விளக்கு, ரேடியோ, ஏ.சி. எல்லாம் பேட்டரியில் ஓடும்படி வாங்கலாம். வாசலில் நிற்கும் நேரத்துப் புகை நின்றுவிடும். நிலையத்துக்குப் புது மின் இணைப்பும் தேவைப்படாது.

4. வண்டி ஒப்பந்தத்துக்கு முன் மின் நிறுவனத்துக்கு விண்ணப்பம்

எங்கள் தவறு முழுவதும் இங்கேதான் நடந்தது. வண்டி வர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும் என்றார்கள். மின் இணைப்புக்கு அவ்வளவு நேரம் எதற்கு என்று நினைத்துவிட்டோம். வண்டிக்குக் கையெழுத்திட்டு ஓராண்டு கழித்துத்தான் விண்ணப்பித்தோம். அதன்பிறகு வரைபடத்தில் திருத்தம், பக்கத்து நிலத்தின் வழியே கேபிள் கொண்டுபோக அனுமதி, டிரான்ஸ்பார்மர் தட்டுப்பாடு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. டிரான்ஸ்பார்மர் கைக்கு வரவே ஓராண்டுக்கு மேல் பிடிக்கிறது. ஆகவே குழு அமைந்த முதல் மாதத்திலேயே விண்ணப்பியுங்கள். எந்த வண்டி என்று முடிவாகியிருக்க வேண்டியதில்லை. எத்தனை கிலோவாட் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

தேவைப்படும் தாள்கள்: நிலையத்தின் பன்னிரண்டு மாத மின் பில், கட்டடத்தின் மின் இணைப்பு வரைபடம், மனையின் வரைபடம், உரிமம் பெற்ற மின் பொறியாளர் கையெழுத்திட்ட மின்சுமைக் கணக்கு. வரைபடம் பெரும்பாலும் கிடைக்காது. பழைய நிலையங்களில் யாரோ எப்போதோ செய்த இணைப்புகள் இருக்கும். பொறியாளர் நேரில் வந்து புதிதாக வரைய வேண்டியிருக்கும். அதற்கும் செலவு ஒதுக்குங்கள்.

நிலையத்தின் மின் பலகையைத் திறந்து நீங்களே பாருங்கள். 240 வோல்ட், 200 ஆம்பியர், ஒற்றைப் பேஸ் என்று எழுதியிருந்தால் மொத்தக் கொள்ளளவே 48 கிலோவாட்தான். தொடர்ந்து ஓடும் சுமைக்கு அதில் ஐந்தில் நான்கு பங்குதான் பயன்படுத்தலாம். அடுப்பும் ஹீட்டரும் துணி உலர்த்தியும் ஓடுகிற கட்டடத்தில் வேக சார்ஜருக்கு அங்கே இடமில்லை. வேக சார்ஜர்கள் பெரும்பாலும் 480 வோல்ட் மூன்று பேஸ் கேட்கும். அது தெருவிலேயே இல்லையென்றால் செலவு பலமடங்காகும்.

விற்பனையாளர் 150 கிலோவாட் சார்ஜரைத்தான் காட்டுவார். வாங்கிவிடாதீர்கள். மின் நிறுவனங்கள் யூனிட்டுக்கு மட்டுமன்றி, அந்த மாதத்தில் எந்தக் கால் மணி நேரத்தில் மிக அதிகமாக இழுத்தீர்களோ அந்த உச்சத்துக்கும் தனியே கட்டணம் போடுகின்றன. ஒரு கிலோவாட்டுக்கு 15 டாலர் என்று வைத்தால், மாதத்தில் ஒரே ஒரு முறை 150 கிலோவாட் இழுத்தாலும் 2,250 டாலர் கூடும். 50 கிலோவாட் சார்ஜர் 155 யூனிட் பேட்டரியை மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்து நிரப்பிவிடும். உச்சக் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் பத்து மோசமான நாட்களில் நிலையத்தில் நின்ற நேரம் இதற்குப் போதுமா என்று பாருங்கள், பெரும்பாலும் போதும். இரவில் அழைப்பு குறைந்த ஊர் என்றால் 19 கிலோவாட் சாதாரண சார்ஜரிலேயே எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்து நிரம்பும். வண்டியில் அதை ஏற்கும் கருவி இருக்கிறதா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கேபிளுக்குப் பள்ளம் தோண்டும் அன்றே, பின்னாளில் கேபிள் நுழைக்கக் காலிக் குழாய்கள் இரண்டு கூடுதலாகப் புதைத்துவிடுங்கள். அடுத்த வண்டி வரும்போது தரையை மீண்டும் உடைக்க வேண்டாம். நிலையத்தின் அவசர ஜெனரேட்டர் சார்ஜரையும் தாங்க வேண்டுமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். புயலில் மூன்று நாள் மின்சாரம் போனால் வண்டி எதை நம்பி நிற்கும் என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

5. பணம்: எது வரும், எது வராது

லாஸ் ஏஞ்சலஸின் முதல் மின்வண்டி ஏறத்தாழ 12 லட்சம் டாலர். அதன்பிறகு எல்லா வண்டிகளின் விலையும் ஏறிவிட்டது. சாதாரண டீசல் வண்டியே இன்று பத்து லட்சத்தைத் தொடுகிறது. மின்வண்டிக்கு அதற்கு மேலும் சில லட்சங்கள் வையுங்கள். இணைப்பு, தரை வேலை, சார்ஜர், பயிற்சி ஆகியவற்றைத் தனிக் கணக்காகக் காட்டுங்கள். வண்டி விலைக்குள் மறைத்தால் நடுவில் பணம் தீரும்.

டீசல் மிச்சத்தில் வண்டி தன் விலையைத் தானே மீட்டுவிடும் என்று மன்றத்தில் சொல்லாதீர்கள். ஆண்டுக்கு 2,000 கேலன், கேலன் 4.50 டாலர் என்று வைத்தால் 9,000 டாலர். பதினைந்து ஆண்டுக்கு 1,35,000. அதிலும் மின்சாரச் செலவைக் கழிக்க வேண்டும். விலை வித்தியாசத்தை அது நிரப்பாது. இந்தக் கணக்கை யாராவது மேடையிலேயே போட்டுக் காட்டினால் உங்கள் மீதிப் பேச்சும் எடுபடாது. உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலும், தீயணைப்புப் பணியே அப்படிப்பட்டது என்று 2022இலும் வகைப்படுத்தியது. வீரர்கள் தூங்கும் அறைக்குப் பக்கத்துச் சுவரில்தான் வண்டி எஞ்சினை ஓடவிடுகிறது. எனக்கு இந்தக் காரணம் ஒன்றே போதும்.

மானியங்களில் கவனிக்க வேண்டியவை:

மத்திய அரசின் தீயணைப்பு வீரர் உதவி மானியத்தில் ஊரின் பங்கு மக்கள்தொகையைப் பொறுத்தது. 20,000 வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் பத்து லட்சம் வரை 10, அதற்கும் மேல் 15. விண்ணப்பக் காலம் சில வாரங்களே. அதற்கு முன் சாம் என்ற மத்திய அரசுத் தளத்தில் ஊரின் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். இன்றே பார்த்துவிடுங்கள்.

மானியம் உறுதியாகும் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அந்தச் செலவைப் பெரும்பாலும் தரமாட்டார்கள். அவசரப்பட்டு இழந்த ஊர்கள் உண்டு.

டீசல் புகைக் குறைப்பு மானியங்கள் பழைய வண்டியை அழிக்கச் சொல்லும். எஞ்சினில் மூன்று அங்குலத் துளை போட்டு, அடிச்சட்டத்தை வெட்டி, படம் எடுத்து அனுப்ப வேண்டும். பழையதை மாற்று வண்டியாக வைத்துக்கொள்ளும் திட்டம் இருந்தால் இந்தப் பணம் உங்களுக்கு ஆகாது.

சில திட்டங்கள் 6, 7ஆம் எடைப்பிரிவு வண்டிகளுக்கு மட்டும். அதன் எல்லை 33,000 பவுண்டு. பம்பு வண்டி பெரும்பாலும் அதைத் தாண்டி 8ஆம் பிரிவில் விழும்.

கனரக மின்வண்டிக்கு 40,000 டாலர் வரை தந்த மத்திய வரிச்சலுகை, 2025 செப்டம்பர் 30க்குப் பின் வாங்கியவற்றுக்கு இல்லை. சார்ஜருக்கான சலுகையும் 2026 ஜூன் 30க்குப் பின் நிறுவியவற்றுக்கு இல்லை. பழைய விளக்கத் தாள்களைக் காட்டும் விற்பனையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அந்தத் தொகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

6. கொள்முதல் ஒப்பந்தம்

தனியே டெண்டர் விட நேரமும் ஆளும் இல்லையென்றால் சோர்ஸ்வெல், எச்.ஜி.ஏ.சி.பை போன்ற கூட்டுக் கொள்முதல் ஒப்பந்தங்கள் வழியே வாங்கலாம். உங்கள் மாநிலச் சட்டம் அதை ஏற்கிறதா என்று நகர வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கி, மன்றத் தீர்மானத்தோடு இணையுங்கள்.

ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்: அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 1900 தரத்துக்கு உட்பட்டது என்ற சான்று, ஒப்பந்தப்படி வண்டி வராவிட்டால் ஈடு செய்யும் நிறைவேற்றுப் பிணைப் பத்திரம், தாமதத்துக்கு நாள் கணக்கில் இழப்பீடு, விலை உயர்வுக்கு உச்சவரம்பு. முன்பணம் கொடுத்தால் தள்ளுபடி தருவார்கள். பிணைப் பத்திரம் இல்லாமல் முன்பணம் கொடுக்கவே வேண்டாம். வண்டி வர இரண்டு முதல் நான்கு ஆண்டு ஆகும் காலம் இது.

பேட்டரி உத்தரவாதத்தை வரி வரியாகப் படியுங்கள். எத்தனை ஆண்டு, எத்தனை விழுக்காடு கொள்ளளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள், அளப்பவர் யார், கழற்றி மாட்டும் கூலி யாருடையது? வண்டி முன்வரிசையில் பதினைந்து ஆண்டு ஓட வேண்டும். பேட்டரி உத்தரவாதம் அதுவரை வராது. மாற்றுப் பேட்டரியின் விலையை இன்றே மதிப்பீடாகக் கேட்டு வாங்குங்கள்.

பழுது பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதும் முக்கியம். மேடிசன் நகரத்திலிருந்து பியர்ஸ் தொழிற்சாலை இருக்கும் ஆப்பிள்டன் இரண்டு மணி நேரப் பயணம். உங்கள் ஊருக்கு அந்த வசதி இருக்காது. உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்ற மெக்கானிக் எத்தனை மணி நேரத்தில் வந்து சேர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

7. தொழிற்சாலையில் பார்க்க வேண்டியவை

கதவின் உயரம், நிலையத்தின் தரை, ஊருக்குள் இருக்கும் பாலங்களின் எடை வரம்பு ஆகியவற்றை முன்பே அளந்து எடுத்துப் போங்கள். ஒவ்வோர் அச்சின் எடைச்சீட்டையும் தண்ணீர், ஆட்கள், குழாய்கள் எல்லாம் ஏற்றிய நிலையில் கேளுங்கள்.

புது வண்டியின் பம்புக்கு மூன்று மணி நேரச் சோதனை உண்டு. முழுக் கொள்ளளவில் 150 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இரண்டு மணி, 70 விழுக்காட்டில் 200 அழுத்தத்தில் அரை மணி, 50 விழுக்காட்டில் 250 அழுத்தத்தில் அரை மணி. நாம் முன்பு போட்ட கணக்குப்படி முதல் இரண்டு மணிக்கே 300 யூனிட் வேண்டும். 155 யூனிட் பேட்டரி தனியாக இதை முடிக்காது. சான்றிதழில் தேர்ச்சி என்று இருந்தால் அது டீசல் துணையோடு பெற்ற தேர்ச்சி. தவறில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரியில் எத்தனை நிமிடம் ஓடியது, சார்ஜ் எத்தனை விழுக்காடு மிஞ்சியபோது டீசல் எஞ்சின் எழுந்தது என்று தனியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமான சோதனை ஒன்று எந்தத் தாளிலும் இல்லை. குழாயில் தண்ணீர் பாயும்போதே பேட்டரியிலிருந்து டீசலுக்கு மாறச் சொல்லிப் பாருங்கள். அந்த நொடியில் அழுத்தம் விழுகிறதா? குழாயைப் பிடித்துக்கொண்டு எரியும் வீட்டுக்குள் நிற்பவரின் உயிர் அந்த நொடியில் இருக்கிறது. உங்கள் ஊர் வீரர் ஒருவரே குழாய் முனையைப் பிடித்துப் பார்க்கட்டும்.

8. வண்டி வந்த பின்

பழைய வண்டிகளின் 120 வோல்ட் செருகி, எஞ்சினைக் கிளப்பியதும் தானாகத் துள்ளி வெளியே வந்துவிடும். வேக சார்ஜரின் செருகி அப்படி வராது. பூட்டிக்கொண்டிருக்கும், கையால் விடுவிக்க வேண்டும். ஓட்டுநர் ஏறும் வழியிலேயே அதை அமையுங்கள். கேபிளை மேலிருந்து தொங்கவிடுங்கள். எங்கள் நிலையத்தில் முதலில் வண்டியின் மறுபக்கம் வைத்துவிட்டார்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் ஓட்டுநர் வண்டியைச் சுற்றி ஓடினார். மூன்று வாரத்தில் மாற்றினோம்.

எல்லா ஷிஃப்டுகளுக்கும் பயிற்சி முடியும்வரை பழைய வண்டியை விற்க வேண்டாம். மூன்று மாதமாவது பக்கத்தில் நிற்கட்டும். வண்டி விபத்தில் சிக்கினால் உயர் மின்னழுத்தத்தை எங்கே துண்டிப்பது என்ற தாளைப் பக்கத்து ஊர்த் தீயணைப்பு நிலையங்களுக்கும் கொடுங்கள். உதவிக்கு வருபவர்கள் அவர்கள்தான்.

ஒவ்வோர் அழைப்பிலும் மூன்று எண்கள் எழுதப்படட்டும்: கிளம்பும்போது பேட்டரி எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு, டீசல் எஞ்சின் எத்தனை நிமிடம் ஓடியது. பதினோராவது மாதத்தில் இந்தப் பதிவோடு பேட்டரிக் கொள்ளளவு அறிக்கையைச் சேர்த்து, நிலுவையிலுள்ள பழுதுகளின் பட்டியலை உற்பத்தியாளருக்கு அனுப்புங்கள். பல பாகங்களின் உத்தரவாதம் பன்னிரண்டாவது மாதத்தோடு முடிகிறது.